ஆயிரம் வருட அரசாட்சி: மாமா சொல்வதா, ஐயர் சொல்வதா?

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். கட்டிக்கொடுத்தது பெந்தெகொஸ்தே வீட்டில். “கிறிஸ்துவின் இரண்டாம் வருகை நெருங்கிவிட்டது, மாடி எதற்கு?” என்று மாமா மாடி கட்டும் வேலையை நிறுத்திவிட்டார். இறக்கிய கம்பி துருப்பிடிக்கிறது. எங்கள் சபைப் போதகரான ஐயரோ, கிறிஸ்து ஆளும் ஆயிரம் வருடம் என்பது வெறும் அடையாளம் என்கிறார். எது சரி?
- வாசகி, பாறசாலை

பதில்: முதலில் கம்பிக்கு சிமெண்ட் பால் அடித்துத் தார்ப்பாய் போட்டு மூடு, மகளே. அப்புறம் வேதத்தைப் பார்ப்போம்.

இருவரும் படிப்பது வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 20-ஆம் அதிகாரத்தைத்தான். கிறிஸ்து வந்தபின் பூமியில் ஆயிரம் வருடம் ஆளுவார் என்பது மாமாவின் விசுவாசம். ஆதிச்சபையில் ஐரேனியு என்ற பேராயர் போன்றவர்களும் அப்படியே நம்பினார்கள். அந்த வருகைக்கு முன் விசுவாசிகளின் சபை இரகசியமாக வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்ற போதனை 1830-களில் டார்பி என்ற பிரசங்கியார் பரப்பியது. உன் ஐயர் நிற்பது பழங்காலப் பேராயர் அகுஸ்தீனார் வழியில்: அந்த ஆயிரம், சபையின் இந்தக் காலமே. கத்தோலிக்கரும் ஏறக்குறைய இப்படித்தான். சுவிசேஷம் உலகை மாற்றியபின் கிறிஸ்து வருவார் என்போரும் உண்டு.

என் மனம் அகுஸ்தீனார் பக்கம். ஆனாலும் மாமாவின் காத்திருப்பை மதிக்கிறேன். அந்த ஏக்கம் இல்லாத சபை வாடிப்போகும். வேலையை நிறுத்தியதைத்தான் ஏற்க முடியாது. வருகையைப் பற்றி அதிகம் எழுதிய பவுல்தான் தெசலோனிக்கேயருக்கு, வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்றார்.

கேரளத்திலேயே நடந்தது இது: பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு, 1881-இல் வருகை என்று அறிவித்தார். நம்பியவர்கள் காத்திருந்தார்கள். அந்த வருடம் கடந்துபோனது. அந்த நாளை ஒருவரும் அறியார் என்கிற மத்தேயு 24:36-ஐ மாமாவோடு உட்கார்ந்து சேர்ந்து வாசி. வாதாடாதே.