ஸ்டாரில் ஓடுகிறது, டெல்டாவில் விழுகிறது

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் மாவு மில் வைத்திருக்கிறோம். 10 எச்.பி. மோட்டார், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் பெட்டி), 32 ஆம்பியர் சி டைப் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்). போன மாதம் காயில் எரிந்து, புதுக் காயில் கட்டி மாட்டியதிலிருந்து மோட்டார் நன்றாகத்தான் கிளம்புகிறது, ஆனால் டெல்டாவுக்கு மாறும்போது டக்கென்று எம்சிபி விழுந்துவிடுகிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போட்டாலும் அதே கதை. எலக்ட்ரீசியன் 63 ஆம்பியர் போட்டுவிடலாம் என்கிறார். ஆடிக் கூழுக்குக் கேப்பை அரைக்க ஆட்கள் காத்து நிற்கிறார்கள். என்ன செய்ய? (ஒரு வாசகி)

பதில்: 63 மட்டும் வேண்டாம்மா. எம்சிபி மோட்டாருக்குக் காவல் என்பதைவிட வயருக்குக் காவல். பெரிதாகப் போட்டால் அது விழாது, அதற்குப் பதில் வயர் எரியும், இல்லையென்றால் நீங்கள் காசு கொடுத்துக் கட்டிய புதுக் காயில் எரியும்.

பெல்ட் இல்லாமலும் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பாதி வேலையை முடித்துவிட்டது. லோடு மேல் குற்றமில்லை. 10 எச்.பி. மோட்டார் முழு லோடில் இழுப்பதே சுமார் 14 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் சி டைப் கண்ணிமைக்கும் நேரத்தில் விழ வேண்டுமென்றால் குறைந்தது 160 ஆம்பியராவது பாய வேண்டும். சும்மா சுற்றுகிற மோட்டாரில் அவ்வளவு பாய்கிறது என்றால் எங்கோ கனெக்‌ஷன் மாறியிருக்கிறது.

காயில் கட்டின பிறகு வந்த கோளாறு என்பதால் என் சந்தேகம் மோட்டாரிலிருந்து வரும் ஆறு வயர் மேல்தான். ஸ்டாரில் மூன்று காயிலின் கடைசி முனைகளும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும், அதனால் அவற்றில் இரண்டு இடம் மாறிக் கிடந்தாலும் மோட்டார் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் ஓடும். டெல்டாவில் ஒரு காயிலின் கடைசி முனை அடுத்த காயிலின் முதல் முனையோடு சேர வேண்டும், அங்கே மாறியிருந்தால் ஒரு காயிலுக்கு இரண்டு பக்கமும் ஒரே பேஸ் போய்ச் சேரும், மற்ற இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். அந்த நொடியில்தான் எம்சிபி விழுகிறது.

மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்கச் சொல்லுங்கள். ஆறு வயரையும் கழற்றி, மல்டிமீட்டரில் பீப் கேட்டு மூன்று ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிப் பேனாவால் குறித்துக்கொண்டு மாட்டட்டும். எது முதல், எது கடைசி என்று குழப்பம் வந்தால் காயில் கட்டியவரையே கூப்பிடுங்கள், அவர் வேலை அது.

அதுவும் சரியாக இருந்தால் ஸ்டார்ட்டருக்குள் ஸ்டார் இணைப்பைச் சேர்த்துவிடும் ஸ்விட்சான ஸ்டார் கான்டாக்டரைத் திறந்து பாருங்கள். மாவு மில்லில் தூசி உள்ளே போய் அப்பி, அது முழுதாக விடுபடுவதற்குள் டெல்டா கான்டாக்டர் பிடித்துவிட்டால் நேரடி ஷார்ட்தான். அதன் பாயின்ட் (ஒன்றையொன்று தொடும் முனை) கருகி ஒட்டியிருந்தால் தேய்த்து ஓட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, எல்லாம் சரியானதும் கேப்பையைக் கொட்டி வைத்துக்கொண்டு ஸ்விட்ச் போடாதீர்கள். ஸ்டாரில் மோட்டாரின் இழுவிசை மூன்றில் ஒரு பங்குதான். டெல்டாவுக்கு மாறி வேகம் பிடித்த பிறகு தானியத்தை விடுங்கள்.