வைஃபை பெயர் ஒன்று, நெட்வொர்க் இரண்டு

கேள்வி: எங்கள் வீட்டில் கீழே அப்பாவின் அரிசி மண்டிக் கணக்கு இருக்கும் டெஸ்க்டாப், விண்டோஸ் 10. மாடியில் என் லேப்டாப், விண்டோஸ் 11. ஃபைபர் பெட்டி கீழே இருக்கிறது. மாடிக்கு சிக்னல் வராததால் போன மாதம் ஒரு ரௌட்டர் வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து மாட்டினோம். இரண்டிலும் இன்டர்நெட் நன்றாக வருகிறது, வைஃபை பெயரும் ஒன்றுதான். ஆனால் ஒரு கணினியில் மற்றது தெரியவே இல்லை. பார்க்க வந்த சர்வீஸ்காரர், டெஸ்க்டாப்பில் லேன் கார்டு போய்விட்டது, விண்டோஸையும் ஃபார்மட் செய்ய வேண்டும், 6,500 ரூபாய் ஆகும், சிபியுவைக் கடைக்கு எடுத்துப் போகிறேன் என்கிறார். ஒன்பது வருடக் கணக்கு அதில் இருக்கிறது. கொடுக்கலாமா? இரண்டு கணினியிலும் நெட்வொர்க் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: கொடுக்க வேண்டாம். ஃபார்மட்டும் வேண்டாம், லேன் கார்டும் வேண்டாம்.

அந்த டெஸ்க்டாப்புக்கு இன்டர்நெட் வருவதே கேபிள் வழியாகத்தான் என்பது உங்கள் படத்தில் தெரிகிறது. அந்தக் கேபிளைச் செருகும் பாகமான லேன் கார்டு போயிருந்தால் ஒரு இணையப் பக்கம்கூட அதில் திறக்காது. சர்வீஸ்காரர் கறுப்புத் திரையைத் திறந்து பிங் என்ற கட்டளையால் மற்ற கணினியைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வரவில்லை என்று காட்டியிருப்பார். ஆனால், பப்ளிக் என்று குறித்து வைத்த நெட்வொர்க்கில் விண்டோஸின் காவல் நிரலான ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாது. வீட்டில் ஆள் இருந்தும் முன்பின் தெரியாதவருக்குக் கதவைத் திறக்காதது போலத்தான் இது. இதை வைத்துக்கொண்டு பாகம் கெட்டுவிட்டது என்று சொல்வதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

உங்களுடைய இரண்டு படங்களிலேயே விடை இருக்கிறது. ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் எண். கீழே இருக்கும் டெஸ்க்டாப்பின் ஐபி முகவரி 192.168.1.34. மாடி லேப்டாப்பின் முகவரி 192.168.0.101. மூன்றாவது எண்ணைப் பாருங்கள். ஒன்றில் 1, இன்னொன்றில் 0. வீட்டு இணைப்புகளில் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு கணினியும் ஒரே தெருவில் இருக்கின்றன என்று பொருள். உங்கள் கணினிகள் இரண்டு தெருவில் இருக்கின்றன.

இது எப்படி ஆயிற்று? ஃபைபர் பெட்டி தன்னோடு இணைகிற கருவிகளுக்குத் தானே எண் வழங்குகிறது. நீங்கள் புதிதாக வாங்கிய ரௌட்டரும் அதே வேலையைத் தன் பங்குக்குச் செய்கிறது. வேன் (WAN) என்று எழுதியிருக்கும் துளையில் வருகிற கேபிளுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் வெளியுலகம் என்பது அதன் கணக்கு. உங்கள் அப்பாவின் டெஸ்க்டாப்பும் அதற்கு வெளியுலகம்தான். மாடியிலிருந்து வெளியே போகும் வேலைகள் எல்லாம் நடக்கும், அதனால் இன்டர்நெட்டில் ஒரு குறையும் தெரியாது. கீழிருந்து மாடிக்குள் வர மட்டும் வழி இருக்காது. ‘யார் யார் இருக்கிறீர்கள்’ என்று கணினிகள் கூப்பிட்டுப் பார்க்கும் குரலும் அந்த ரௌட்டரைத் தாண்டாது.

வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருப்பதால் நெட்வொர்க்கும் ஒன்று என்று நினைத்துவிட்டீர்கள். அந்தப் பெயர் வெறும் பெயர்ப்பலகை. இரண்டு கடைக்கு ஒரே பலகை மாட்டினால் கடை ஒன்றாகிவிடாது. ரௌட்டர் மாட்ட வருகிறவர்கள் செய்கிற காரியங்களில் எனக்கு மிகவும் ஆதங்கமானது இதுதான். ஒரே பெயரை வைத்துவிட்டு, ‘ஒரே நெட்வொர்க் ஆக்கிவிட்டேன்’ என்று கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெயர் வெவ்வேறாக இருந்திருந்தால் முதல் நாளே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

சரி செய்வது மாடி ரௌட்டரில். அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முதலில் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் முகவரியை லேப்டாப்பின் பிரவுசரில் தட்டச்சு செய்தால் ரௌட்டரின் பக்கம் வரும். உங்கள் எண்ணைப் பார்த்தால் அது 192.168.0.1 ஆக இருக்கும். உள்ளே ஆபரேஷன் மோட் என்று ஒரு இடம் உண்டு. சில மாடல்களில் சிஸ்டம் என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கும். அங்கே ரௌட்டர் என்று இருப்பதை ஆக்சஸ் பாயின்ட் என்று மாற்றிச் சேமியுங்கள். பெட்டி ஒருமுறை அணைந்து எரியும். இனி அது எண் வழங்காது, வைஃபை சிக்னலை மட்டும் கொடுக்கும். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துப் போட்டுவிட்டு முகவரியைப் பாருங்கள். 192.168.1 என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

அந்த மோட் இல்லாத பழைய ரௌட்டராக இருந்தால், கீழிருந்து வரும் கேபிளை முதலில் கழற்றிவிடுங்கள். ரௌட்டரின் சொந்த லேன் முகவரியை 192.168.1.250 என்று மாற்றி, மறுபடி அந்த முகவரியில் உள்ளே போய் எண் வழங்கும் வேலையான டிஹெச்சிபி என்பதை அணையுங்கள். அப்புறம் கேபிளை வேன் துளையில் செருகாமல் லேன் துளை ஏதாவது ஒன்றில் செருகுங்கள். விளைவு அதேதான்.

ஃபைபர் பெட்டியில் ஏன் கை வைக்கச் சொல்லவில்லை என்றால், பல நிறுவனங்கள் அந்தப் பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லை வாடிக்கையாளருக்குத் தருவதே இல்லை. மாதா மாதம் பணம் கட்டுகிறவர் நீங்கள், பெட்டி இருப்பதும் மின்சாரம் தின்பதும் உங்கள் வீட்டில். ஆனாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. கூப்பிட்டுக் கேட்டால் புகார் எண் கொடுப்பார்கள், மறுநாள் யாராவது வந்து பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த நிலைமை மாற வேண்டும். அதுவரை, நம் கையில் இருக்கும் ரௌட்டரில் செய்ய முடிகிறதை அங்கேயே செய்துகொள்வதுதான் நல்லது.

அடுத்து, உங்கள் டெஸ்க்டாப் படத்தில் பப்ளிக் நெட்வொர்க் என்பதில் புள்ளி இருக்கிறது. பேருந்து நிலைய வைஃபையில் இருப்பதுபோல உங்கள் சொந்த வீட்டிலும் அந்தக் கணினி ஒளிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதே பக்கத்தில் பிரைவேட் என்பதைத் தொடுங்கள். லேப்டாப்பிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய், ப்ராபர்ட்டீஸில் அப்படியே செய்யுங்கள். மாடி ரௌட்டரை மாற்றிய பிறகு லேப்டாப் அதைப் புது இணைப்பாக எடுத்துக்கொண்டு மறுபடியும் பப்ளிக் என்று போட்டிருக்கலாம், அதனால் ரௌட்டர் வேலை முடிந்த பின்பே இதைப் பாருங்கள்.

இந்த ஒரு புள்ளிக்காக ஃபார்மட் செய்யப்பட்ட கணினி ஒன்றை எனக்குத் தெரியும். என் சித்தப்பா வீட்டு டெஸ்க்டாப். நான் ஊரில் இல்லாத நேரத்தில் ஒரு கடையில் கொடுத்து ஃபார்மட் செய்து கொண்டுவந்திருந்தார்கள். சி டிரைவில் இருந்த என் தங்கையின் வளைகாப்புப் படங்கள் அத்தனையும் போய்விட்டன. நான் போய் உட்கார்ந்து பார்த்தபோது அது அப்போதும் பப்ளிக்கில்தான் இருந்தது. புதிதாக விண்டோஸ் போட்டால் நெட்வொர்க் பெரும்பாலும் பப்ளிக்காகவே தொடங்கும். கோளாறு என்று சொன்ன அதே நிலைக்குத்தான் பணம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். உங்கள் அப்பாவின் மண்டிக் கணக்கு டேலி மென்பொருளில் இருந்தால், அதுவும் சி டிரைவில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எந்த வேலையும் தொடங்கும் முன் டேலியில் பேக்கப் எடுத்து, ஒரு பென் டிரைவில் போட்டு, அந்த பென் டிரைவைக் கணினியிலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள்.

இனி ஃபோல்டரைப் பகிர்வது. இங்கே பலரும் தடுக்கி விழுவது பின் எண்ணில். கணினியைத் திறக்க நான்கு இலக்கப் பின் போடுகிறோம், அதையே லேப்டாப்பிலிருந்து கேட்கும்போதும் போட்டுப் பார்த்து, தவறு தவறு என்று வந்ததும் சோர்ந்துபோகிறோம். பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியே வருகிறவரிடம் கணக்கின் கடவுச்சொல்லைத்தான் விண்டோஸ் கேட்கும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கையும் நெட்வொர்க் வழியே உள்ளே விடாது. ஆகவே டெஸ்க்டாப்பில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஒரு புதுப் பயனரை உருவாக்குங்கள். பெயர் சின்னதாக ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், கடவுச்சொல் கட்டாயம் வேண்டும். பிறகு பகிர வேண்டிய ஃபோல்டரை மட்டும் வலது கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் ஷேரிங் போய், அந்தப் பயனரைச் சேருங்கள். டிரைவ் முழுவதையும் பகிராதீர்கள். கடவுச்சொல் பாதுகாப்பை அணைத்துவிட்டால் எளிது என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு வந்த பிறகு, ப்ரோ வகைக் கணினிகள் கடவுச்சொல் இல்லாத பகிர்வோடு இணைய மறுக்கின்றன. அணைத்தும் பலன் இருக்காது.

சோதித்துப் பார்க்க, திரையில் நெட்வொர்க் என்று இருக்கும் சின்னப் படத்தை (ஐகானை) திறக்க வேண்டாம். லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்புளோரரின் மேலே இருக்கும் முகவரிப் பட்டையில் \\192.168.1.34 என்று அடித்து என்டர் தட்டுங்கள். அந்தக் கோடுகள் பின்பக்கம் சாய்ந்தவை, இரண்டு போட வேண்டும். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் நல்ல செய்தி, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். டெஸ்க்டாப்பின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, புதுப் பயனரின் பெயர் என்று சேர்த்து அடியுங்கள். ஃபோல்டர் திறந்ததும் அதை குவிக் ஆக்சஸ் பட்டியலில் சேர்த்துவிட்டால் தினமும் அடிக்க வேண்டியதில்லை. டெஸ்க்டாப் தூங்கப் போனால் லேப்டாப்பில் திறக்காது, பவர் செட்டிங்கில் தூக்கத்தை அணைத்து வையுங்கள்.

அந்த நெட்வொர்க் படத்தை நம்பித்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். முன்பு வீட்டில் எந்தெந்தக் கணினி இருக்கிறது என்ற பட்டியலை எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை நம்பி விண்டோஸ் வைத்திருந்தது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அதைப் போடுவதை நிறுத்தினார்கள். நல்ல முடிவு. ஆனால் 2018இல் வீட்டுக் கணினிகளுக்குள் எளிதாகப் பகிர்ந்துகொள்ள இருந்த ஹோம்குரூப் வசதியையும் எடுத்துவிட்டு, சாதாரணமானவருக்குப் புரிகிற மாதிரி ஒன்றையும் பதிலுக்குத் தராமல் போனார்கள். நெட்வொர்க் படம் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது, சில நாள் எல்லாவற்றையும் காட்டும், சில நாள் ஒன்றையும் காட்டாது. ஏன் காட்டவில்லை என்று ஒரு வரிகூட எழுதாது.

அந்த இடைவெளியில்தான் தவறான யோசனைகள் புகுந்துகொண்டன. எஸ்எம்பி 1ஐ மறுபடி இயக்கினால் எல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் ஏராளம். தயவுசெய்து செய்யாதீர்கள். விண்டோஸ் 7 கணினிக்குக்கூட அது தேவையில்லை, அதற்கே புதிய முறை தெரியும். உண்மையிலேயே தேவைப்படுவது விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற கணினிக்கும், அந்தக் காலத்துச் சில ஸ்கேனர்களுக்கும்தான். எம்பிராய்டரி இயந்திரத்தோடு வந்த எக்ஸ்பி கணினி, எடை மேடையில் இருக்கும் எக்ஸ்பி கணினி என்று இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை உண்டு. உங்கள் மண்டியிலும் ஒன்று இருக்கலாம் என்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். அப்படி இருந்தால், அந்த ஒரு கணினிக்காக வீட்டில் உள்ள மற்றவற்றில் பழைய கதவைத் திறந்து வைக்காதீர்கள். அந்த எக்ஸ்பியை நெட்வொர்க்கிலிருந்தே கழற்றிவிட்டு, வேண்டிய கோப்பை பென் டிரைவில் எடுத்துவாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் கூடப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

ஃபயர்வாலை அணைக்கச் சொன்னாலும் இதே பதில்தான். உங்கள் டெஸ்க்டாப் விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதனால் அதற்கு ஃபயர்வால் இன்னும் அவசியம். பிரைவேட் என்று மாற்றிவிட்டு ஃபோல்டரைப் பகிர்ந்ததுமே, அதற்கு வேண்டிய வழியை ஃபயர்வால் தானே திறந்துகொள்ளும். லேப்டாப்போடு இலவசமாக வந்த ஆன்டிவைரஸ் ஏதாவது இருந்தால், அதற்குத் தனி ஃபயர்வால் இருக்கலாம். இந்த வீட்டு நெட்வொர்க் நம்பகமானது என்று அதற்குள்ளும் ஒருமுறை குறிக்க வேண்டும்.

இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘விண்டோஸ் சப்போர்ட்’ எண்களையும் கூப்பிடாதீர்கள். எனிடெஸ்க் போன்ற செயலியைப் போடச் சொல்லி, உங்கள் திரையை அவர்கள் கையில் எடுத்துக்கொள்வார்கள், அடுத்து வங்கிக் கணக்குத்தான். மைக்ரோசாஃப்ட்டின் பிழைச் செய்திகளில் போன் நம்பர் இருக்காது. ஏற்கெனவே கூப்பிட்டுப் பணம் போயிருந்தால், சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குத் தாமதிக்காமல் பேசுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் திறக்கவில்லை என்றால், அந்த நேரத்தில் திரையில் வரும் வாசகத்தை முழுதாகப் படம் எடுத்து அனுப்புங்கள். கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறதா, முகவரியே கிடைக்கவில்லை என்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன். அதுவரை சிபியு வீட்டிலேயே இருக்கட்டும்.