கம்ப்யூட்டர் கேள்வி பதில்: ஸ்டிக்கரில் இருக்கும் கீ செல்லவில்லை

கேள்வி: பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. எஸ்எஸ்டி மாற்றி விண்டோஸ் 10-ஐ மறுபடி ஏற்றினால், அடியில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் 7 கீ (உரிமக் குறியீடு) செல்லாது என்கிறது. முன்பு இதிலேயே 10 ஆக்டிவேட் ஆகி ஓடியது. ஐந்து ரோடு பக்கம் 500 ரூபாய்க்குப் புது கீ கிடைக்கிறதாம், வாங்கலாமா?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: வாங்காதீர்கள். உங்களுக்கு கீயே தேவைப்படாது. ஒருமுறை 10 ஆக்டிவேட் ஆன கணினியின் உரிமம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும், அது முக்கியமாக மதர்போர்டைப் பார்த்துத்தான் அடையாளம் காணும் என்பதால் டிஸ்க் மாற்றியது பிரச்சினையே இல்லை. விண்டோஸ் 7 கீயை 10 ஏற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது, 2023-ல் அந்த வழியை மூடிவிட்டார்கள்.

இன்ஸ்டால் செய்யும்போது 'கீ இல்லை' என்பதை அழுத்துங்கள். அடுத்துதான் பலரும் சறுக்குகிறார்கள்: முன்பு இருந்தது ஹோம் பதிப்பு என்றால் ஹோம், புரோ பதிப்பு என்றால் புரோ, மாற்றிப் போட்டால் ஆக்டிவேட் ஆகாது. ஞாபகம் இல்லையா? ஸ்டிக்கரைப் பாருங்கள், 7 ஹோம் பிரீமியம் ஹோமாகவும், புரொஃபஷனல், அல்டிமேட் இரண்டும் புரோவாகவும்தான் மாறியிருக்கும். அப்புறம் இணையத்தில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

அந்த 500 ரூபாய் கீ பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த மொத்த உரிமத்திலிருந்து உருவியதாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் முடங்கலாம். இன்னொன்று, 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 7 காலத்து லேப்டாப் 11-க்குத் தகுதி பெறாது. பிரவுசரும் டைப்பிங்கும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள், அதற்கு கீ கேட்கவே மாட்டார்கள்.