பழுதுநீக்கத் தொகுப்பை வாங்குமுன் கியர் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1969ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டாம் கியருக்கு மாற்றும்போது மட்டும் பற்கள் உராயும் சத்தம் வருகிறது. நியூட்ரலில் கேட்கும் இரைச்சல், கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய எண்ணுகிறேன். ‘முழுமையான பழுதுநீக்கத் தொகுப்பு’ என்று விற்பதை வாங்கலாமா, அல்லது பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சீரமைத்த பெட்டியை வாங்குவது நல்லதா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். உராய்வு எல்லாக் கியர்களிலும், குறிப்பாக ரிவர்ஸிலும் இருந்திருந்தால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று சந்தேகிக்கலாம். இரண்டாம் கியரில் மட்டும் என்பதால் அதன் சிங்க்ரோ வளையம் (பற்கள் இணையும்முன் வேகத்தைச் சமன்படுத்தும் பித்தளை வளையம்) தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கிளட்ச்சை மிதித்ததும் நிற்கும் இரைச்சல், இன்ஜினிலிருந்து விசை நுழையும் தண்டின் பேரிங்கையோ, கீழே படுத்திருக்கும் லேஷாஃப்டையோ (பல்சக்கரத் தொகுதியைத் தாங்கும் துணைத் தண்டு) சுட்டுகிறது. நான்காம் கியரில் விசை நேராகச் செல்வதால் லேஷாஃப்டின் மேலுள்ள பல்சக்கரத் தொகுதி சுமையின்றிச் சுழலும். ஆகவே மற்ற கியர்களில் இரைந்து, நான்காவதில் மட்டும் அடங்கினால் லேஷாஃப்டின் மீதுதான் ஐயம் வலுக்கும்.

‘முழுமையான’ என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். இத்தகைய தொகுப்புகளில் பெரும்பாலும் பேரிங்குகள், கேஸ்கட்டுகள், ஆயில் சீல்கள், சில வேளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கும். லேஷாஃப்ட், சிங்க்ரோ ஹப் (சிங்க்ரோ அமைப்பின் மையப் பகுதி), பல்சக்கரங்கள் ஆகியவற்றைத் தனியாகவே வாங்க நேரும். லேஷாஃப்டில் நீடில் ரோலர்கள் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள்) உருளும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். குழியோ, உரிந்த தடமோ தட்டுப்பட்டால், அந்தத் தண்டின்மேல் புதிய ரோலர்களைப் போடுவது வீண்செலவு. தண்டையும் ரோலர்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சிங்க்ரோ வளையத்தை அதன் கியரின் கூம்பில் அழுத்தித் திருப்பினால் இறுகப் பற்ற வேண்டும். வளையத்திற்கும் கியரின் சிறு பற்களுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து, வொர்க்ஷாப் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இடைவெளியே இல்லையென்றால் அந்த வளையத்தின் ஆயுள் முடிந்துவிட்டது.

பேரிங்கைத் தொகுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதில்லை. அதன் விளிம்பில் பொறித்த எண்ணைப் படியுங்கள். உதாரணமாக 6306 என்றால் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 72, அகலம் 19 மில்லிமீட்டர்; இதை எந்த நல்ல தயாரிப்பாளரிடமும் பெறலாம். பழைய பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் அங்குல அளவுப் பேரிங்குகளும் உண்டு என்பதால், அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். போலிப் பேரிங்குகளும் சந்தையில் இருப்பதால், நம்பத்தகாத அளவுக்கு மலிவாகக் கிடைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

கருவிகளில், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச்சையும், வளையக் கிளிப்புகளைக் கழற்றும் சர்கிளிப் பிளையரையும் விலைக்கு வாங்குங்கள். ஹைட்ராலிக் பிரஸ்ஸை வாடகைக்கு எடுத்தால் போதும். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் அதன் பாதையில் தழும்பு விழுந்து, புதிய பேரிங்கே இரையத் தொடங்கும். இந்தக் காரில் இன்ஜினையும் கியர் பெட்டியையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டியிருப்பதால், கிளட்ச் தட்டையும் கார்பன் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம்; அவற்றுக்காக மீண்டும் ஒருமுறை இத்தனையையும் கழற்ற யாருக்கும் மனம் வராது.

பல்சக்கரங்களே உடைந்திருந்தால் மட்டும் சீரமைத்த பெட்டியைப் பற்றி யோசியுங்கள். எந்தெந்தப் பாகம் புதிது, நீங்களே பொருத்தினாலும் உத்தரவாதம் செல்லுமா, உங்கள் பழைய பெட்டியில் விரிசல் இருந்தால் எவ்வளவு பிடித்தம் செய்வார்கள் என்பவற்றை எழுத்தில் பெற்ற பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: பழுது பார்த்த பிறகு விலை உயர்ந்த ஜி.எல்.-5 தரக் கியர் ஆயிலை ஊற்றலாமா?

பதில்: கையேடு அதைக் குறிப்பிடாதவரை வேண்டாம். அதன் கந்தகச் சேர்க்கைகள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். மேலும் ஆயில் மிகவும் வழுக்கினால் வளையம் கூம்பைப் பற்றிக் கியரின் வேகத்தைச் சமன்படுத்த இயலாது. ஓவர்டிரைவ் (அதிவேகத்தில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் அமைப்பு) கொண்ட எம்.ஜி.பி. பெட்டிகளில் 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலே பரவலாகப் பயன்படுகிறது. உங்கள் ஆண்டுக்குரிய கையேட்டில் உள்ளதை மட்டும் வாங்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வடித்து, வடித்த ஆயிலில் பித்தளைத் துகள் மிகுதியாகக் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.