நோட்டு யார் மடியில்?

கூட்டம், குழு, சங்கம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கடலூர்ப் பக்கம் இருபத்தாறு ஆண்டு மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்ற அக்கா பதில் சொல்கிறார்.

*எங்கள் தெருப் பெண்கள் பதினான்கு பேர் சேர்ந்து மாடித்தோட்டக் குழு ஆரம்பித்தோம். தலைவி, செயலாளர் எதுவும் வேண்டாம், எல்லோரும் சமம் என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். எட்டு மாதமாகிறது. இப்போது எல்லாவற்றையும் ஒருவரே முடிவு செய்கிறார். நல்லவர், உழைப்பாளி. அதனால் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பேசாமல் தேர்தல் வைத்து ஒரு தலைவியைப் போட்டுவிடலாமா அக்கா?*
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

வேண்டாம். தேர்தல் வைத்தால் அவரேதான் ஜெயிப்பார். இப்போது குறை சொல்லும் உரிமையாவது உங்களுக்கு மிச்சம் இருக்கிறது. அப்புறம் "நீங்கள்தானே கை தூக்கினீர்கள்" என்று அதுவும் போய்விடும்.

முதலில் இதைப் பாருங்கள். வாட்ஸ்அப் அட்மின் யார்? சந்தாப் பணம் யார் வீட்டுப் பீரோவில்? கூட்டம் யார் வீட்டு மாடியில்? உரமூட்டை யார் வாசலில் இறங்குகிறது? நான்குக்கும் ஒரே பெயர் வந்தால், தலைவி ஏற்கெனவே இருக்கிறார், பெயர்ப்பலகைதான் மாட்டவில்லை.

1970-இல் அமெரிக்கப் பெண்கள் இயக்கத்தைச் சேர்ந்த ஜோ ஃப்ரீமன் இதே வயிற்றெரிச்சலோடு ஓர் உரை நிகழ்த்தினார். அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது, விதியை வெளியே சொல்லாவிட்டால் நெருங்கிப் பழகும் நாலு பேரின் வழக்கமே விதியாகிவிடும் என்றார். அவர் சொன்ன மருந்தும் தலைவி இல்லை. வேலையைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள், அது சுற்றி வரட்டும், தகவல் எல்லோருக்கும் போகட்டும் என்றார்.

நம் ஊரில் இதற்குக் குடவோலை இருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தது பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்குப் பிடித்தது அதிலுள்ள வேறு இரண்டு நிபந்தனைகள். முந்தைய மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் (ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில்) இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவுக்காரர் பெயரும் கூடாது. (நம் மாதிரிப் பெண்களுக்கும் நிலம் இல்லாதவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலையே கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

நீங்கள் ஒரு சொம்பு எடுங்கள். பணம், சாவி, வாட்ஸ்அப், உரம் வாங்குவது, கூட்டத்தைக் கூட்டுவது என்று ஐந்து வேலை. பதினான்கு பெயரையும் சீட்டில் எழுதிப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம். முடித்தவர் அடுத்த சுற்றுக்குச் சொம்பில் இல்லை. அந்த உழைப்பாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். எட்டு மாதம் தனியாகச் சுமந்திருக்கிறார், அவருக்கும் முதுகு வலிக்கும். புதிதாக வருபவர்களுக்கு உரக்கடைக் கணக்கைச் சொல்லித் தருவது முதல் மாதம் அவர் வேலையாக இருக்கட்டும்.

இதையெல்லாம் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குழுக் கூட்டங்களில் தீர்மான நோட்டு வருடக்கணக்கில் என் மடியில்தான் இருக்கும். எல்லோரும் தரையில் வட்டமாக உட்காருவோம், நாற்காலி கூட கிடையாது, ஆகவே இங்கே மேலே கீழே இல்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மீன் விற்கிற ஒரு பாட்டி, "நீ பேனாவ மூடிட்டா நாங்க பேசினது பேச்சே இல்லையே கண்ணு" என்றார். சுருக்கென்றது. அடுத்த கூட்டத்தில் நோட்டை ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒருத்தியிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி எழுதுவாள், ஒரு வரிக்கு இரண்டு நிமிடம். அவள் எழுதி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. வேகமாகப் பேசுகிறவர்களின் வேகம் செத்துப்போனது. அந்த இடைவெளியில், மூன்று வருடமாக வாயே திறக்காத இரண்டு பேர் பேசினார்கள். வட்டிக் கணக்கில் இருந்த ஒரு தப்பு அன்றைக்குத்தான் வெளியே வந்தது. தப்பு என்னுடையது.

*குடியிருப்போர் கூட்டத்தில் மழைநீர் வடிகால் பற்றிப் பேசினால் நாலு பேர்தான் பேசுகிறார்கள். நாற்பது பேர் மின்விசிறியைப் பார்க்கிறார்கள். என்ன செய்ய?*
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மஞ்சக்குப்பம், கடலூர்

ஐயா, முதலில் பேசுவது நீங்களா? அப்படியானால் இனிமேல் கடைசியில் பேசுங்கள்.

1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் ஊர்க் கண்காட்சியில் ஒரு கொழுத்த மாட்டைக் காட்டி, அறுத்துச் சுத்தம் செய்தால் எத்தனை பவுண்டு இறைச்சி தேறும் என்று போட்டி வைத்தார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் 787 சீட்டுகளை வாங்கி வரிசைப்படுத்திப் பார்த்தார். நடுவில் நின்ற சீட்டில் 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. நாலு கிலோதான் வித்தியாசம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அவரவர் தனித்தனியாக எழுதிப் போட்டார்கள் என்பது. முதலில் ஒரு பெரியவர் எழுந்து "1,500 இருக்கும்" என்று முழங்கியிருந்தால் பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள்.

ஆகவே வாய் திறப்பதற்கு முன்னால் சீட்டு கொடுங்கள். "என்ன செய்யலாம்?" என்று கேட்காதீர்கள், அதற்கு நாலு பேரிடம்தான் பதில் இருக்கும். "2015 மழையில் உங்கள் வீட்டில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது? எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?" என்று கேளுங்கள். தன் வாசல்படி தெரியாதவர் யாரும் இல்லை. நாற்பது சீட்டையும் தெருப் படத்தில் ஒட்டிவிட்டு, அப்புறம் நாலு நாலு பேராக உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாட்டுக்கு ஒரே எடைதான். வடிகாலுக்குச் சராசரி எடுத்தால் அது யார் வீட்டு அடுப்படியிலாவது போய் முடியும்.

*எல்லோரும் சம்மதிக்கும்வரை பேசுவதா, கை தூக்கச் சொல்வதா?*
– வாசகர், பண்ருட்டி

சுவருக்கு என்ன நிறம் என்றால் கை தூக்குங்கள், வீட்டுக்குப் போகலாம். பணம், நிலம், ஒருவரை விலக்குவது என்றால் பேசுங்கள். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் முந்நூறு வருடத்துக்கும் மேலாக வாக்கெடுப்பே இல்லாமல் கூட்டம் நடத்துகிறார்கள். எல்லோருக்கும் அவ்வளவு பொறுமை வராது. நெதர்லாந்து மின்பொறியாளர் ஜெரார்ட் எண்டன்பர்க் தன் நிறுவனத்தில் கொண்டுவந்த முறை எனக்குக் கைகொடுத்திருக்கிறது. "யாருக்குப் பிடித்திருக்கிறது?" என்பதை விட்டுவிட்டு, "இதனால் குழுவுக்குக் கேடு வரும் என்று நினைப்பவர் உண்டா? ஏன்?" என்று கேட்கவேண்டும். காரணத்தோடு மறுப்பு வந்தால் திட்டத்தைத் திருத்துங்கள். வராவிட்டால் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள்.

*கூட்டத்தில் டீயை எப்போது கொடுப்பது? முதலிலேயே கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.*
– வாசகி, திருப்பாப்புலியூர்

தானே புயல் அடித்தது 2011 டிசம்பர் 30. அடுத்த வாரம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு ஊரில், சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவுமாகப் போய் நின்றேன். ஒருவரும் பேசவில்லை. டீ கேன் வந்தது. கேனைச் சுற்றி நின்றபடியே, யார் வீட்டு மேல் விழுந்த மரத்தை முதலில் அறுப்பது, ரம்பம் யாரிடம் இருக்கிறது, ஆண்துணை இல்லாத வீடுகளுக்கு யார் போவது என்று கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். என் சார்ட் சுருட்டியபடியே திரும்பி வந்தது.

ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கரும் பாடுபட்டு ஒரு மாநாடு நடத்தி, காபி இடைவேளைதான் பிரமாதம் என்று பேர் வாங்கினார். 1985-இல் நிகழ்ச்சி நிரலே இல்லாமல் ஒரு கூட்டம் கூட்டினார். வந்தவர்களே தலைப்பைச் சுவரில் ஒட்டி, பிடித்த இடத்தில் போய் உட்கார வேண்டியது. கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் எழுந்து வேறு வட்டத்துக்கு நடக்கலாம்.

அதனால் டீயை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். கிளம்புகிறவர்கள் கிளம்பட்டும். டம்ளர் கழுவுகிற வேலையை மட்டும் சீட்டில் எழுதிச் சொம்பில் போடுங்கள், வழக்கம்போல அதே இரண்டு பேர் தலையில் விழப்போகிறது.