பீனா பௌஷின் நடனங்களை அமைத்தது அவரா, குழுவா?

கேள்வி: மேடையில் வருவது நடனக் கலைஞர்களின் சொந்தக் கதை என்கிறார்கள். அப்படியானால் அமைப்பாளருக்கு என்ன வேலை?

நியாயமான சந்தேகம்தான். நடன அமைப்பாளர் பீனா பௌஷ் 1973-இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகர நடனக் குழுவின் பொறுப்பேற்றார். தொடக்கத்தில் அவரே அசைவுகளை அமைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1970-களின் இறுதியில் வழி மாறியது. ஒத்திகையில் அசைவுக்குப் பதில் கேள்வி வந்தது: பயம், சின்ன வயது, யாரிடமாவது அன்பைக் கேட்பது, இப்படி. கலைஞர்கள் பேசியோ ஆடியோ நடித்தோ பதில் தருவார்கள். அவர் குறித்துக்கொள்வார்.

சரி, அப்புறம்? வந்த பதில்களில் பெரும்பகுதி மேடையேறாது. எது நிற்கும், எதன் பக்கத்தில் எது வரும், எத்தனை முறை திரும்ப வரும் என்பதெல்லாம் அவர் முடிவு. என் கணிப்பில் அவருடைய கையெழுத்து இந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. சரக்கு குழுவுடையது, கோத்தது அவர்.

மேடையமைப்பையும் மறக்கக்கூடாது. முதலில் ரோல்ஃப் போர்சிக், 1980-இல் அவர் இறந்தபின் பீட்டர் பாப்ஸ்ட். 'கார்னேஷன்' படைப்பில் மேடை முழுக்கப் பூ நட்டிருக்கும். அதை மிதித்துதான் ஆட வேண்டும். அந்தத் தரை மாறினால் நடனமே மாறிவிடும்!

1978-இல் வந்த 'கொன்டாக்ட்ஹோஃப்' படைப்பை 2000-இல் 65 வயது தாண்டிய, தொழில்முறைக் கலைஞர்கள் அல்லாதவர்கள் ஆடினார்கள். வேறு ஆட்கள், வேறு உடல்கள். ஆனாலும் பார்த்தவுடன் அது பௌஷ் என்று தெரியும்.