கப்பலில் வந்தால் குடிமகன், படகில் வந்தால் குற்றவாளியா?

கேள்வி: இலங்கை அகதிகளுக்குக் குடியுரிமை தர வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அது உணர்ச்சிப் பேச்சு. சட்டப்படி வந்தவருக்குத்தான் குடியுரிமை. மற்றவர் ஊர் திரும்ப வேண்டியதுதான். நாற்பது ஆண்டு தங்கிவிட்டால் உரிமை வந்துவிடுமா?

பதில்: சரி, உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டத்தையே பேசுவோம். நீங்களும் பாதியில் எழுந்து போகாதீர்கள்.

மண்டபம் முகாமில் இரண்டு குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1987 ஜூன் 30 இரவில், மற்றது மறுநாள் காலையில். இரு குழந்தைகளின் பெற்றோரும் ஒரே படகில் வந்து இறங்கியவர்கள். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி முதல் குழந்தை பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். இரண்டாவது குழந்தை அந்நியன். காரணம், பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்று 1986இல் வந்த திருத்தம் ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பொருந்துகிறது. 2003 திருத்தம் அதையும் இறுக்கியது: ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால் பிள்ளைக்கு உரிமை இல்லை. எந்தச் சட்டப்படி என்று கேட்டால், எந்தத் தேதியின் சட்டப்படி என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டவிரோதமாக வந்தவர் என்றைக்கும் சட்டவிரோதிதான் என்றும் நம் நாடாளுமன்றம் நினைக்கவில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக் கூடாது என்று 2019இல் சட்டம் இயற்றியது. காத்திருக்க வேண்டிய காலத்தையும் பதினொரு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. இலங்கையிலிருந்து வந்த இந்து அந்தப் பட்டியலில் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. முஸ்லிம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இல்லை. அந்தச் சட்டத்தை நீங்கள் ஆதரித்தீர்களா என்று தெரியாது. ஆதரித்திருந்தால், இந்தக் கேள்வியை என்னிடம் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை.

ஊர் திரும்ப வேண்டும் என்கிறீர்களே, எந்த ஊருக்கு? முகாம்களில் இருப்பவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தாரோ மன்னார்க்காரரோ அல்லர். கணிசமானோர் மலையகத் தமிழர்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன்கள் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணிகளின் பேச்சை நம்பித் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கண்டிச் சீமைக்குக் காப்பியும் தேயிலையும் வளர்க்கப் போனவர்கள். 1947 தேர்தலில் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள். மறு ஆண்டே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது: அந்த மண்ணில் பிறந்திருந்தால் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்கூட வெல்லவில்லை. தேர்தலே அவர்களுக்கு இல்லாமல் போயிருந்தது. எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. வழக்கு அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது.

பிறகு 1964. இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் டில்லியில் உட்கார்ந்து இந்த மக்களில் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். பங்கு போடப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. நிலத்தைப் பாகம் பிரிக்கும்போதுகூட உழுகிறவனை ஒரு வார்த்தை கேட்பார்கள்.

ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரம் வந்த அண்ணன் இந்தியக் குடிமகன். கூடலூரிலோ கோத்தகிரியிலோ அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வும் பெற்றிருப்பார். 1984இல் போர் அந்தக் கப்பலை நிறுத்தியது. கலவரத்துக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வவுனியாவுக்கு ஓடி, அங்கிருந்தும் துரத்தப்பட்டு, 1990இல் படகேறி வந்த தம்பி சட்டவிரோதக் குடியேறி. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கடல், வந்து இறங்கியதும் ஒரே கரை. உங்கள் தராசில் இருவரையும் வைத்துப் பாருங்கள்.

நாற்பது ஆண்டு தங்கினால் உரிமை வருமா என்ற கேள்விக்கு நேரடியான பதில்: இன்றைய சட்டப்படி வராது. முறையாக விசா பெற்று வந்த வெளிநாட்டவர் முன்சொன்ன பதினொன்றோடு மனுவுக்கு முந்தைய ஓர் ஆண்டும் சேர்த்துப் பன்னிரண்டு ஆண்டு வசித்துவிட்டு மனுப் போடலாம்; படகில் வந்தவர் ஐம்பது ஆண்டானாலும் போட முடியாது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நல்ல காரியம்தான். ஆனால் வழக்குப் போடமாட்டோம் என்பது வேறு, வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது வேறு.

எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்று நான் எழுதவில்லை. சென்ற இதழை மறுபடி புரட்டிப் பாருங்கள். திரும்பிப் போக விரும்புகிறவர்கள் போகட்டும், பலர் போயும் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக்கூட வழியில்லாமல் நிற்கிற பிள்ளைகளின் மனுவை வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். ஒவ்வொன்றாக விசாரித்து, தகுதியில்லை என்றால் காரணம் எழுதி மறுக்கட்டும்.